நான் ஆட்டிப் பார்த்த பாட்டில்

அந்த பாட்டிலைக் காதருகே வைத்து மூன்று முறை ஆட்டினேன். உள்ளே கற்கண்டு உருள்வது போலச் சத்தம் கேட்டது.

"முக்காலுக்கு மேல இருக்குங்க மிஸ்" என்று ஏணி உச்சியிலிருந்து சொன்னேன்.

கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சுகந்தி மிஸ் நிமிர்ந்து பார்க்காமலே எழுதிக்கொண்டார். சனிக்கிழமை காலை. ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி அப்பியிருந்தது. ஸ்பிரிட் வாசனையும் எங்கள் இருவரின் ஈர ஸ்வெட்டர் வாசனையும் கலந்து அறை முழுக்க நின்றது. தலைக்கு மேலே ஹாலில் ஆண்டு விழா நடன ஒத்திகை. அது பழைய கட்டடம், மேல்தளம் மரப்பலகை. பிள்ளைகள் ஒரே தாளத்தில் குதிக்கும்போதெல்லாம் பலகை இடுக்கிலிருந்து தூசி உதிர்ந்து மிஸ்ஸின் பதிவேட்டில் விழும். அவர் ஊதிவிட்டு எழுதுவார்.

பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் 'டொக்' என்று வைத்தேன்.

அந்த 'டொக்' இன்றைக்கும் எப்போதாவது என்னைத் தூக்கத்தில் எழுப்பிவிடுகிறது. ஆனால் அந்தக் கணத்தில் மத்தியானச் சாப்பாட்டைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை.

குறையாத அமிலம்

நான் ஏன் ஏணியில் ஏறினேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த பள்ளியைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். குன்னூருக்கு மேலே, தேயிலைக்கு நடுவே உள்ள உறைவிடப் பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே வேதியியல் சோதனைச்சாலைக்கு நான் உதவியாளர். சாகுல் சார் என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள். பீக்கர் கழுவுகிறவனையும் சார் என்று அழைக்கும் நல்ல பள்ளி.

சில வருடங்களுக்கு முன்பு, மழை ஓய்கிற பருவத்தில், மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சோதனைச்சாலையில் இருக்கும் அபாயகரமான பொருள்களை எல்லாம் பட்டியலிட்டு வைக்க வேண்டும். பொருளின் பெயர், அளவு, இருக்கும் இடம், என்ன ஆபத்து, கொட்டினால் என்ன செய்வது என்று ஐந்து கட்டம். பார்வையிட ஆள் வருவார்கள்.

பிரின்சிபால் அந்தக் காகிதத்தைச் சுகந்தி மிஸ்ஸிடம் கொடுத்தார். மிஸ் பொள்ளாச்சிக்காரர். அந்த ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். குளிருக்கு இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு, அதற்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஒரு தலையணை பாடம் எடுப்பது போலத் தெரிவார். ஆனால் கண் கூர்மை.

பட்டியல்தானே, தயாராகவே இருக்கிறது என்று பதிவேட்டைப் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் எனக்கு வேலையே கிடைத்தது.

மிஸ் இரண்டு பக்கம் புரட்டினார். முந்தைய வருடத்தைப் பார்த்தார். அதற்கு முந்தைய வருடத்தையும் பார்த்தார்.

"சாகுல் சார், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பத்து வருசமா ஆறு பாட்டில்னு இருக்குது. அப்ப பசங்க எதை வெச்சுங்க எக்ஸ்பெரிமெண்ட் பண்ணாங்க?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பனி விலகுவதாக இல்லை.

போஜன் அண்ணன் சொன்ன ரகசியம்

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் போஜன் அண்ணன். நீலகிரிப் படுகர். ஓய்வு பெற்ற பிறகு கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் சேர்ந்த முதல் வாரம், சாவிக்கொத்தோடு சேர்த்து அவர் ஒரு ரகசியத்தையும் ஒப்படைத்தார். வருடா வருடம் ஏப்ரலில் பட்டியல் எழுத வேண்டும். அதற்கு அலமாரியைத் திறக்க வேண்டியதில்லை, போன வருடப் பதிவேட்டைத் திறந்தால் போதும் என்றார்.

"எழுத்து அழகா இருந்தா எவனும் எண்ணிப் பாக்க மாட்டான் சாகுலு."

பொன்னான வார்த்தை. இத்தனை வருடமும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நான் அவரைப் பார்த்து எழுதினேன். அவர் தனக்கு முன்னால் இருந்தவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த முந்தையவர் யாரைப் பார்த்து எழுதினார் என்று சொல்ல இப்போது ஆளில்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே கடைசிக் கட்டத்தில் 'நல்ல நிலையில்' என்று நானே சேர்த்துக்கொண்டேன். வெறுங்கட்டமாக விட்டால் பக்கம் பார்க்க நன்றாக இருக்காது.

சுகந்தி மிஸ் பதிவேட்டை மூடினார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒவ்வொரு பாட்டிலையும் கண்ணால் பார்த்து எழுதலாம், ஏணி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அலமாரிக்குள் ஆறு நாள்

ஆறு நாள் பார்த்தோம். அந்த ஆறு நாளில் நான் கற்ற வேதியியல், இருபது வருடம் பின் வரிசையில் நின்று கேட்டதைவிட அதிகம்.

கந்தக அமிலம் என்று எழுதியிருந்த குப்பியில் தேங்காயெண்ணெய் இருந்தது. குளிரில் உறைந்து வெள்ளையாகக் கிடந்ததைக் கண்டு மிஸ் பின்வாங்கினார். அது பழைய ஆயாவுடையது, தலைக்குத் தேய்க்க வைத்திருந்தார், பிள்ளைகள் எடுத்துவிடாமல் இருக்க இந்தக் குப்பியில் ஊற்றினார் என்று விளக்கினேன். எலுமிச்சை ஊறுகாய் என்று எழுதிய பாட்டிலில் பாதரசம் இருந்தது. அதற்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பதிவேட்டில் ஆறு பாட்டிலாக இருந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நேரில் ஒன்றரை பாட்டில்தான். 'தவளை, பாடம் செய்தது, நான்கு' என்ற வரியும் அபாயகரமான பொருள்களில் இருந்தது. அந்தத் தவளைகளை உயிரியல் துறை வாங்கிப்போய் எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

'என்ன ஆபத்து' என்ற கட்டத்தை நிரப்பும் பொறுப்பில் கொஞ்சம் என்னிடமும் வந்தது. எந்தக் கட்டத்தையும் காலியாக விடுவது என் வழக்கமில்லை. காய்ச்சி வடித்த நீருக்கு எதிரே 'கொட்டினால் வழுக்கும்' என்று எழுதினேன். சாக்பீஸ் தூளுக்கு 'தும்மல் வரும்'. மிஸ் படித்துச் சிரித்தார். ஆனால் வரியை அடிக்கவில்லை. உண்மைதானே, இருக்கட்டும் என்றார்.

மேல் தட்டில் கடைசி

ஆறாம் நாள் மிச்சமிருந்தது பின்னறை அலமாரியின் மேல் தட்டு. அங்கேதான் அந்த பாட்டில். பழுப்புக் கண்ணாடி, தகர மூடி. மூடியின் விளிம்பைச் சுற்றி மஞ்சளாக ஏதோ பொரிந்து கிடந்தது. லேபிளைப் பூச்சி தின்று, பெயரின் கடைசி மூன்று ஆங்கில எழுத்து மட்டும் மிச்சம்: RIC. பதிவேட்டில் மேல் தட்டு என்று தேடினால் ஒரே வரிதான் இருந்தது: சிட்ரிக் அமிலம், நூறு கிராம், ஒன்று, நல்ல நிலையில். மிச்சமிருந்த மூன்று எழுத்தும் அதோடு சரியாகப் பொருந்தின.

சிட்ரிக் என்றால் எலுமிச்சை உப்பு. பாத்திரம் விளக்க எங்கள் வீட்டிலேயே இருக்கும். பழசானதால் மஞ்சளாகிப் போயிருக்கும் என்று மிஸ் சொன்னார். ஆபத்துக் கட்டத்தில் நான் 'புளிக்கும்' என்று எழுதினேன். மூடியோரம் பொரிந்திருந்ததை விரலால் சுரண்டிப் பார்த்தேன். பொடியாக உதிர்ந்தது.

அதற்குள் மணியடித்துவிட்டது. சனிக்கிழமை அரை நாள். பாட்டில் நல்ல பாட்டிலாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வந்து கொட்டிக் கழுவி வைக்கிறேன் என்றார் மிஸ். நான் குழாயைத் திறந்தேன். தண்ணீர் ஐஸாக இருந்தது. விரலை நனைத்தேன் என்று சொல்லலாம், கழுவினேன் என்று சொல்ல முடியாது. வேட்டியில் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

குழம்பு கசந்த கதை

எங்கள் வீடு அருவங்காட்டுக் குவார்ட்டர்ஸில். ஒரே பிள்ளை, வெளியூரில் படிப்பு. என் மனைவி மெஹருன்னிசா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. உள்ளே என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. அப்போது கல்யாணமாகி இருபது வருடம் ஆகியிருந்தது. என்னம்மா செய்கிறாய் என்று கேட்டால் "வேலை" என்பாள். கேட்டிலேயே செல்போன், தீப்பெட்டி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள் என்பது மட்டும் தெரியும். வீட்டிலும் பாத்திரத்தை நங்கென்று வைக்க மாட்டாள். நான் கதவை அறைந்து சாத்தினால் ஒரு பார்வை பார்ப்பாள். அது போதும்.

அன்று தட்டப்பயிறு குழம்பு. முதல் கவளத்திலேயே எனக்குக் கசந்தது. வேம்பைக் கடித்த மாதிரி நாக்கு சுருண்டது.

"மெஹரு, குழம்பு கசக்குது."

அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தாள். கசக்கவில்லை என்றாள். நான் இன்னொரு கவளம் சாப்பிட்டுவிட்டு, இல்லை கசக்கிறது, பயிறு பழசு என்றேன். பயிறு நேற்றுதான் வாங்கியது, உங்கள் நாக்குதான் பழசு என்றாள். இருபது வருடத்தில் அவள் சமையலில் நான் கண்டுபிடித்த முதல் குறை அது. சண்டை நன்றாகவே தொடங்கியது. பயிறிலிருந்து என் தங்கை கல்யாணம் வரை போய்விட்டோம்.

தட்டைப் பிடுங்க வந்தவள் அப்படியே நின்றாள். என் கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மஞ்சளாக இருந்தன. மஞ்சள்தூள் பட்டது போலவே. மோந்து பார்த்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

"கைல என்னங்க இது?"

எலுமிச்சை உப்பு என்று சொன்னேன். பழைய பாட்டில், மூடி சுற்றியும் பொரிந்து கிடந்தது, ஆட்டினால் கற்கண்டு மாதிரி சத்தம் வருகிறது என்று ஏதோ வேடிக்கை போல நடித்தும் காட்டினேன்.

அவள் முகம் வெளுத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

"அது எலுமிச்சை உப்பு இல்லீங்க. மூடியைத் திருகினீங்களா?"

இல்லை என்றேன்.

"யாராவது திருகப் போறாங்களா?"

அப்போதுதான் எனக்கு மிஸ் ஞாபகம் வந்தது.

பலகைக்குக் கீழே

பிக்ரிக் அமிலம் என்று அதற்குப் பெயர். ஈரமாக இருக்கும் வரை சாது. தண்ணீர் வற்றிக் காய்ந்துவிட்டால் வெடிமருந்து. தகர மூடியோடு சேர்ந்தால் இன்னும் மோசம், மூடியைத் திருகும் உரசலே போதும். தோலில் பட்டால் மஞ்சள் சாயம் ஏறும், வாயில் பட்டால் கசக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்தார்களாம். இதையெல்லாம் அவள் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே சொன்னாள். நான் பின்னால் உட்கார்ந்து போன் செய்துகொண்டிருந்தேன். என் வாயை நாலு முறை கொப்பளிக்கவைத்த பிறகுதான் கிளப்பினாள். மிஸ்ஸின் போன் எடுக்கவில்லை. சோதனைச்சாலைக்குள் சிக்னல் கிடையாது. ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அதை எடுக்க ஆளில்லை.

பள்ளி கேட்டில் இறங்கும்போதே தாளம் கேட்டது. தொம், தொம், தொம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை மறுபடி தொடங்கியிருந்தது. அறுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அந்தப் பலகையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு நேர் கீழே எங்கள் மேஜை.

நான் ஓடினேன். மெஹர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, நடங்க என்றாள்.

கதவைச் சத்தமில்லாமல் தள்ளினோம். சுகந்தி மிஸ் மேஜை முன்னால் நின்றிருந்தார். இடது கை பாட்டிலைப் பிடித்திருந்தது. வலது கையில் ஈரத்துணி, அதை மூடிமேல் சுற்றிப் பிடித்திருந்தார். இறுகிப்போன ஊறுகாய் மூடியைத் திறக்க நாம் எல்லோரும் செய்வோமே, அதே பிடி.

"டீச்சர்" என்றாள் மெஹர். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நான் சாகுல் ஊட்டுக்காரிங்க. அந்தத் துணியை அப்படியே உட்டுட்டு, ரெண்டு கையையும் மெதுவா எடுத்துக்குங்க. பாட்டிலை நகத்த வேண்டாம். இப்படி எங்கிட்ட நடந்து வாங்க."

மிஸ் எங்களைப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாட்டிலின் மஞ்சள் விளிம்பும் அவருடைய படிப்பும் அந்த ஒரு விநாடியில் ஒன்றையொன்று சந்தித்திருக்க வேண்டும். வாய்க்குள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. கையை எடுத்தார். நாலு அடி நடந்து வந்து மெஹரின் தோளில் சாய்ந்தார்.

மேலே தொம், தொம், தொம்.

ஆளுக்கு இரண்டு வர்க்கி

வெடி என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது, எடுத்தால் பிள்ளைகள் படியில் விழுந்தடித்து ஓடுவார்கள், அந்த அதிர்ச்சியே போதும் என்றாள் மெஹர். மாடிக்கு ஏறிப்போனாள். நடன மாஸ்டர் சுறுசுறுப்பான மனிதர். தாளத்தை நிறுத்தச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மெஹர் அவரிடம் போகவே இல்லை. வாசலில் நின்று, கிரவுண்டில் எல்லோருக்கும் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வந்திருக்கிறது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி இறங்குகிறவர்களுக்கு இரண்டு வர்க்கி என்று மட்டும் சொன்னாள்.

அறுபது பிள்ளைகள் படியிறங்கிய சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு அமைதி அதில் இருந்திருக்காது.

ஆனால் கிரவுண்டில் வர்க்கி இல்லை. டீயும் இல்லை. அறுபது பிள்ளைகள் செருப்பும் கையுமாக என்னைச் சூழ்ந்து நின்று, எங்கே சார் என்று கேட்டார்கள். வெடிமருந்துக்குப் பயந்ததைவிட அந்த ஐந்து நிமிடம் நான் அதிகம் பயந்தேன். கேட்டுக்கு வெளியே இருந்த பேக்கரிக்கு ஓடினேன். கடைக்காரர் இருந்த வர்க்கியை எல்லாம் மூட்டை கட்டினார். போதாததற்கு பன் சேர்த்தார். என்ன சார் விசேஷம் என்று கேட்டார். ஆண்டு விழா என்றேன்.

நடனச் சத்தம் திடீரென்று நின்றதால் என்னவோ என்று பிரின்சிபால் தன் குடியிருப்பிலிருந்து இறங்கி வந்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் எதையும் தானே கையால் எடுத்து வைத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று நம்புகிறவர். விஷயத்தைக் கேட்டதும், ஒரு பாட்டில்தானே, நான் எடுத்துப் போய்த் தோட்டத்தில் வைத்துவிடுகிறேன் என்று சட்டைக் கையை மடித்தார். மெஹர் கதவின் குறுக்கே நின்றாள்.

"இருபது வருசமா இந்த மாதிரி சாமானோடதான் வேலைங்க சார். தெரிஞ்சவங்க இதத் தொட மாட்டாங்க. நீங்க போலீசுக்குச் சொல்லுங்க, அவங்க ஆளு அனுப்புவாங்க."

பிரின்சிபால் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

நான் சொன்ன உண்மை

பதிவேட்டில் எலுமிச்சை உப்பு என்றுதானே இருக்கிறது, அது எப்படி இதுவாகும் என்று கேட்டார்.

ஆபீஸ் அறையிலிருந்து பழைய பதிவேடுகளை எடுத்து வந்து கிரவுண்டுப் படிக்கட்டில் விரித்தோம். மிஸ் ஒவ்வொரு வருடமாகப் பின்னோக்கிப் புரட்டினார். என் கையெழுத்து முழுக்க சிட்ரிக். போஜன் அண்ணனின் கடைசி வருடத்தில் P என்ற முதல் ஆங்கில எழுத்தின் காலைப் பூச்சி அரித்து, அது C போலத் தெரிந்தது. நடுவில் இரண்டு எழுத்து ஒட்டிக் கிடந்தன. அதற்கு முந்தைய வருடத்தில் தெளிவாக, மசி மங்காமல், பிக்ரிக் என்று இருந்தது. பூச்சி தின்றதை நான் என் அழகான கையெழுத்தில் நிரப்பியிருக்கிறேன். வெடிமருந்தை எலுமிச்சை உப்பாக்கி, அதற்கு நேரே ஒவ்வொரு வருடமும் 'நல்ல நிலையில்' என்று சான்றும் கொடுத்திருக்கிறேன்.

அண்ணனுக்குப் போன் போட்டோம். கேரட் வயலிலிருந்து பேசினார். பழுப்பு பாட்டில், தகர மூடியா என்று கேட்டார். தெற்கு ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ரொம்ப வருடம் அதைத்தான் அண்டை கொடுத்து வைத்திருந்தேன், நல்ல கனமான பாட்டில் என்றார். மிஸ் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிரின்சிபால் என்னைப் பார்த்து, அப்படியென்றால் நீங்கள் ஒரு வருடம் கூட அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். பொய் சொல்ல இடம் இருந்தது. லேபிளைப் பூச்சி தின்றுவிட்டது என்று பூச்சிமேல் போட்டுவிடலாம். அண்ணன் மேலும் போடலாம். மிஸ் என்னைக் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. ஆனால் கிரவுண்டில் பிள்ளைகள் வர்க்கி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் பொடியைப் பக்கத்துப் பையன் தலையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்து எழுதலைங்க சார். பழசப் பாத்துதான் எழுதினேன். எல்லா வருசமும்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை

மலைக்குக் கீழேயிருந்து மறுநாள் காலையில் நிபுணர்கள் வந்தார்கள். பிள்ளைகளை முந்தின மாலையே மறுகோடிக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தோம். தலைவர் மெத்தை போன்ற உடுப்பும் பெரிய தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் மணப்பெண் நடப்பது போல அடி அடியாக உள்ளே போனார். வெளியே வரும்போது அவர் கையில் மணல் நிரப்பிய பெட்டி. அதற்குள் என் பாட்டில். கிரவுண்டுக்குக் கீழே கைவிட்ட காய்கறிப் பாத்தி ஒன்று இருந்தது. வெடிக்கவைத்து அழிக்க அங்கே கொண்டுபோனார்கள். எங்களை எல்லாம் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

சத்தம் எப்படி இருந்தது என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். காதால் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நெஞ்சில் யாரோ உள்ளங்கையால் அறைந்தது போல இருந்தது. எதிர் மலை அதை வாங்கித் திருப்பி அனுப்பியது. தேயிலைக்குள்ளிருந்து காக்கைகள் ஒரு கூட்டமாக எழும்பின. போய்ப் பார்த்தால், ஒரு இட்லிப் பானையை இறக்கி வைக்கும் அளவுக்குக் குழி. அந்தக் குழியின் அளவை நான் மேஜையோடும், என் காதோடும், மிஸ்ஸின் கையோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பஜாரில் வேறு கதை ஓடியது. சிறுத்தையைச் சுட்டார்கள் என்றார்கள். ரோடு போடப் பாறை உடைத்தார்கள் என்றார்கள். பேக்கரிக்காரர் மட்டும், ஆண்டு விழாவுக்கு அதிர்வேட்டு ஒத்திகை என்று அடித்துச் சொன்னாராம்.

டீக்கடை

திரும்பும்போது வழியில் ஒரு டீக்கடை முன்னால் மெஹர் ஸ்கூட்டரை நிறுத்தினாள். இறங்கினாள். ஸ்டாண்டு போட முயன்றாள். முடியவில்லை. நான் போட்டேன்.

டீ வந்தது. அவளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. டீ தளும்பிச் சுடிதாரில் சிந்தியது. நேற்று மத்தியானத்திலிருந்து அந்தப் பள்ளி முழுவதையும் தாங்கிப் பிடித்தவள், போலீசுக்கும் நிபுணர்களுக்கும் நிதானமாகப் பதில் சொன்னவள், இப்போது பெஞ்சில் உட்கார்ந்து கன்னம் நனைய அழுதாள். டீக்கடைக்காரர் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆட்டிப் பாத்தேன்னு சிரிச்சுட்டே சொன்னீங்க" என்றாள். "நடிச்சு வேற காட்டினீங்க."

டம்ளரை வாங்கி அவள் உதட்டருகே பிடித்தேன். இரண்டு மடக்குக் குடித்தாள்.

"நான் தினமும் கேட்டுக்குள்ள போறப்ப, எனக்கு ஒண்ணு ஆனா புள்ளைக்கு நீங்க இருக்கீங்கன்னு நெனச்சுட்டுப் போவேன். நீங்க சாக்பீசோட இருக்கீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

இருபது வருடம் அவள் தன் வேலையைப் பற்றிச் சொன்னதில் இதுதான் நீளமான வாக்கியம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி தினமும் சாயங்காலம் கேட்பேன், அன்றைக்கு எதை எதைத் தொட்டீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்றாள். சரி என்றேன்.

பிரின்சிபால் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். வேலை போகவில்லை. சுகந்தி மிஸ்ஸும் நானும் மூன்று மாதம் உட்கார்ந்து புதுப் பட்டியல் எழுதினோம். பழைய பாட்டில் இன்னும் இரண்டு அகப்பட்டன. அவற்றை நாங்கள் தொடவில்லை. பார்வையிட வந்தவர்கள் பட்டியலை ஒரு மணி நேரம் படித்துவிட்டு, காய்ச்சி வடித்த நீர் எப்படி ஆபத்தாகும் என்று மட்டும் கேட்டார்கள். கொட்டிக் காட்டட்டுமா என்று மிஸ் கேட்டார்.

நான் போன வருடம் ஓய்வு பெற்றேன். மெஹருக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. சாயங்காலம் வந்து கைப்பையை ஆணியில் மாட்டியதும் கேட்கிறாள், இன்றைக்கு எதையெல்லாம் தொட்டீங்க என்று. நேற்றும் கேட்டாள்.

"ரிமோட், நியூஸ் பேப்பர், பக்கத்து ஊட்டுப் பூனை" என்றேன்.

"தொவைக்கப் போட்ட துணி?"

"தொடலை."

"போய்த் தொடுங்க" என்றாள்.